மணி விழுங்கிய ரிப்பன்

எங்கள் விடுதிக்கு வந்து போயிருக்கும் பெற்றோர் அனைவருக்கும் மணியைத் தெரிந்திருக்கும். வாயிற்கதவுக்கு அருகே வேப்பமர நிழலில், முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் படுத்திருக்குமே செம்மண் நிறத்து நாய், அதுதான் மணி. தெரிந்தவர்களைக் கண்டால் வாலை மட்டும் ஆட்டும், எழுந்திருக்காது. தெரியாதவர்களைக் கண்டால் எழுந்திருக்கும், ஆனால் குரைக்காது. "இது காவலுக்கு வந்த நாயா, வரவேற்புக்கு வந்த நாயா?" என்று காவலர் தாத்தா அடிக்கடி கேட்பார்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்தபோது காய்கறி வண்டியின் பின்னாலேயே ஓடி வந்த குட்டி அது. அதற்குப் பெயர் வைக்கும்போதே ஒரு வழக்கு நடந்தது. புனித ஆரோக்கியநாதர் சுரூபத்தின் காலடியில் வாயில் அப்பத்துடன் ஒரு நாய் நிற்கும் அல்லவா? அவரை வெளிநாடுகளில் ரோக்கு என்று அழைப்பார்கள் என அறிந்து, குட்டிக்கு அந்தப் பெயரையே வைக்க விரும்பினோம். விடுதிச் சிஸ்டர் ஒப்பவில்லை. "அது புனிதருடைய பெயர், நாயினுடைய பெயர் அல்ல" என்று சொல்லிவிட்டார்கள். இந்த வாதம் முடிவதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. எங்களுக்கெல்லாம் முன்னதாகக் குட்டி உணவறை வாசலில் போய் நின்றது. பெயரை அது தானே தேடிக்கொண்டது.

இனி நாங்கள் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம். இதை எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள் நெடுநேரம் பேசினோம். எழுதத்தான் வேண்டும் என்று ஐந்து பேரும் முடிவு செய்தோம். எந்தக் காரியத்தை யார் செய்தாள் என்று பிரித்து எழுதுவதில்லை என்றும் முடிவு செய்தோம். ரிப்பன் ஒருத்தியுடையதாயினும் விளையாட்டு ஐவருடையது.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு 17, சனிக்கிழமை. சனிக்கிழமை இரவு எங்களுக்குக் கருவாட்டுக் குழம்பு. கருவாட்டுத் தலையை யாரும் தின்பதில்லை. அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைப்போம். எங்கள் விடுதியில் மாடியிலிருந்து எந்தப் பொருளையும் கீழே போடக் கூடாது என்றும், உணவறைப் பண்டத்தை மேலே கொண்டு போகக் கூடாது என்றும் கண்டிப்பான விதிகள் உண்டு. நாங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் மீறிக்கொண்டிருந்தோம். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு தாழ்வான சன்னல் இருக்கிறது. இரவுப் படிப்பு எட்டரை மணிக்கு முடிந்ததும், இரவுச் செபத்துக்கு மணி அடிக்கும் வரை உள்ள கால் மணி நேரத்தில், அந்தச் சன்னல் வழியாக ஒரு நூலிலோ கயிற்றிலோ கருவாட்டுத் தலையைக் கட்டித் தொங்க விடுவோம். மணி கீழே நின்று எம்பி எம்பிக் குதிக்கும். நாங்கள் சற்றே மேலே இழுப்போம்; அது மறுபடியும் குதிக்கும். கடைசியில் தலையை அதற்கே கொடுத்துவிடுவோம். மூன்று சனிக்கிழமைகள் இப்படி நடந்தது. அதுவரை நூல் அறுந்து எங்கள் கைக்கே வந்துவிட்டது.

அன்று நூல் கிடைக்கவில்லை. எங்களுள் ஒருத்தி தன் இரட்டைச் சடையிலிருந்து இரண்டு ரிப்பன்களையும் அவிழ்த்தாள். நம் சீருடைக்குரிய கருநீல ரிப்பன்தான். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், ஓர் அங்குல அகலம். இரண்டையும் நடுவில் முடிச்சுப் போட்டுச் சேர்த்து, நுனியில் கருவாட்டுத் தலையைக் கட்டினோம். ரிப்பன் நூலைப் போல அறுந்து போகாது என்று மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் எங்களுக்கே உடம்பு கூசுகிறது.

மணி மூன்றாவது குதிப்பிலேயே தலையைக் கவ்விவிட்டது. விளையாட்டாக இழுத்தோம். வழக்கமாக மென்று தின்னும் நாய், பறித்துக்கொண்டு விடுவார்களோ என்று எண்ணியதோ என்னவோ, அப்படியே விழுங்கிவிட்டது. தலை உள்ளே போயிற்று. அதன் பின்னாலேயே ரிப்பனும், நாம் சேமியாவை உறிஞ்சுவது போல, அதன் வாய்க்குள் போகத் தொடங்கியது. நாங்கள் பலமாக இழுக்க இழுக்க அதுவும் பலமாக விழுங்கிற்று. கை வலித்து விட்டுவிட்டோம். பதறிக்கொண்டு படியிறங்கி ஓடினோம். மண்ணில் ரிப்பனும் இல்லை, தலையும் இல்லை. மணி நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு, இன்னொன்று உண்டா என்பது போல எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது.

"கக்கிவிடும்" என்றாள் ஒருத்தி. "எங்கள் வீட்டு நாய் ஒரு ரப்பரைத் தின்றது, இரண்டாம் நாள் தானே வெளியே வந்துவிட்டது" என்றாள் மற்றொருத்தி. செபத்துக்கு மணி அடித்தது. சிஸ்டரிடம் சொல்ல வேண்டுமே என்ற எண்ணம் ஐந்து பேருக்கும் வந்தது. ஐந்து பேரும் மற்ற நான்கு பேரின் முகத்தைப் பார்த்தோம். அந்த மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகும் விடுமுறை இருந்தது. விதி மீறியவர்களுக்கு அது கிடையாது. அதனால் ரப்பரைத் தின்ற நாயை நம்பிக்கொண்டு உறங்கப் போனோம்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின் பார்த்தபோது மணி காலை உணவைத் தொடவில்லை. தோட்டத்தில் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் நுரையும் புல்லுமாக வாந்தி எடுத்தது. ரிப்பன் வந்ததா என்று ஓடிப் போய்க் குச்சியால் கிளறிப் பார்த்தோம். வரவில்லை. "புல்லுத் தின்னா வாந்தி வரத்தான் செய்யும், பிள்ளைகளா" என்றார் தாத்தா. எங்களுக்கு அந்தச் சொல் தேனாக இனித்தது. பிற்பகலில் இரண்டு முறை, குடித்த தண்ணீரும் அப்படியே வெளியே வந்தது.

அன்று மாலை செபமாலை முடிந்து கோவிலைவிட்டு வெளியே வந்தோம். படிக்கட்டின் கீழே மணி நின்றிருந்தது. முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, மார்பையும் தரையில் படும்படி தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி அசையாமல் நின்றது. "மணி செபம் செய்கிறது! மணி செபம் செய்கிறது!" என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுமி அதன் பக்கத்தில் தானும் முழந்தாளிட்டாள். எல்லோரும் சிரித்தோம். மற்றவர்களைக் காட்டிலும் நாங்கள் ஐவர்தான் உரக்கச் சிரித்தோம். விளையாடுகிறது, எனவே சுகமாகிவிட்டது என்று எண்ணினோம்.

நாய் விளையாட அழைக்கும்போதும் அப்படி வளைவது உண்டுதான். ஆனால் அப்போது வால் ஆடும், கண் மின்னும், மறுநொடியே குதித்து ஓடும். உணவு தின்னாமல், வாந்தி எடுத்த நாய் அப்படியே வளைந்து நின்றுகொண்டிருந்தால் அதற்கு வயிறு வலிக்கிறது என்று பொருள். மருத்துவர்களே அதைத் 'தொழும் நிலை' என்றுதான் சொல்வார்களாம். மறுநாள் இதைக் கேட்டபோது, முந்திய நாள் சிரித்த சிரிப்பு எங்கள் தொண்டையில் முள்ளாகக் குத்தியது.

அன்றிரவு உணவறையில் சிஸ்டர் எழுந்து நின்று, "யாராவது மணிக்கு எதையாவது கொடுத்தீர்களா?" என்று கேட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்த அறையில் ஓர் ஓசையும் இல்லை. நாங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சமையல் அக்கா, "என்னத்தையோ தின்னுருக்கு, சிஸ்டர். ரெண்டு கரண்டி விளக்கெண்ணெய் ஊத்துனா எல்லாம் எறங்கிரும்" என்றார்கள். தாத்தாவோ, "உப்புத் தண்ணியக் கரைச்சு ஊத்துவோம், கக்கிரும்" என்றார். நல்ல வேளையாகச் சிஸ்டர் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. காலையில் மருத்துவரிடம் காட்டலாம் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை உணவு மணி அடித்தது. மணி வரவில்லை.

வேப்பமரத்தடியில் கண் செருகிக் கிடந்தது. சாக்கை விரித்து அதில் கிடத்தி, பள்ளி வண்டியில் ஏற்றினோம். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று எங்களுள் இருவரைச் சிஸ்டர் அழைத்துச் சென்றார்கள். ஊர்க் கால்நடை மருந்தகத்தில் ஒரு மருத்துவர் அம்மா இருந்தார்கள். சென்னை வேப்பேரியில் 1903 இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரியில் படித்தவர்களாம். மணியின் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பார்த்தார்கள். முதுகுத் தோலைக் கிள்ளி இழுத்து விட்டார்கள். அது உடனே படியாமல் மெல்லப் படிந்தது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது என்றார்கள். வயிற்றை அழுத்தியபோது மணி முனகிற்று.

"எதையாவது விழுங்கியதா? துணி, கயிறு, எலும்பு?"

"இல்லை டாக்டர். பிள்ளைகளிடம் நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை" என்றார்கள் சிஸ்டர்.

எங்கள் சொல்லை உண்மை என்று நம்பி, அதைத் தம் சொல்லாகவே சிஸ்டர் சொன்னார்கள். அதுதான் எங்களைச் சுட்டது. மருத்துவர் வாந்தியை நிறுத்தும் ஊசிக்காக மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தார்கள். அப்போது எங்கள் வாயிலிருந்து, "டாக்டர், ரிப்பன்" என்று இரண்டே சொற்கள் வந்தன. அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

மருத்துவர் புட்டியைக் கீழே வைத்தார்கள். திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எப்போது விழுங்கியது? எவ்வளவு நீளம்? என்ன அகலம்? நைலானா, பருத்தியா? முடிச்சு உண்டா? நுனியில் என்ன கட்டியிருந்தது? அதன் பின் எத்தனை முறை வாந்தி? கடைசியாக எப்போது மலம் கழித்தது? எல்லாக் கேள்விக்கும் எங்களிடம் பதில் இருந்தது. 36 மணி நேரமாக இருந்தது.

பிறகு மணியின் வாயைத் திறந்து நாக்கின் அடியில் பார்த்தார்கள். நூலும் ரிப்பனும் சில சமயம் நாக்கைச் சுற்றி மாட்டிக்கொண்டு, மறுமுனை மட்டும் குடலுக்குள் போய்விடுமாம். வாலைத் தூக்கியும் பார்த்தார்கள். "வாயிலோ பின்புறமோ நுனி தெரிந்தால் இழுத்துவிடாதீர்கள். உள்ளே எங்கே மாட்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. நீங்கள் வெளியே ரிப்பனை இழுத்தால் உள்ளே அது குடலை அறுக்கும்" என்றார்கள். சனிக்கிழமை இரவு சன்னலில் நின்று கை வலிக்க இழுத்தது எங்களுக்கு நினைவு வந்தது.

ரிப்பன் எப்படிக் குடலை அறுக்கும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. மருத்துவர் விளக்கினார்கள். குடல் சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்ததை அலை அலையாக நெளிந்து கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். நீளமான பொருளின் ஒரு முனை இரைப்பையின் வாயிலில் சிக்கிக்கொண்டால் அது நகராது. ஆனால் குடல் தள்ளுவதை நிறுத்தாது. தள்ளித் தள்ளி, ரிப்பனின் மேலேயே குடல் ஏறி மடிந்துகொள்ளும். நாங்கள் புரியாமல் விழித்தோம். எங்கள் தையல் ஆசிரியையான சிஸ்டருக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. "சுருக்குத் தையல்" என்றார்கள். துணியில் ஓட்டுத் தையல் போட்டு, ஒரு முனையில் முடிச்சிட்டு மறுமுனையை இழுத்தால் துணி கொசுவிக்கொண்டு வருமே, அப்படி. "அதேதான், சிஸ்டர். அந்த நூல் இறுக இறுக, மடிப்புகளின் உட்பக்கத்தை வாள் போல அறுக்கும். ஓட்டை விழுந்தால் குடலில் உள்ளது வயிற்றுக்குள் சிந்தும். அதற்குப் பிறகு காப்பாற்றுவது கடினம்" என்றார்கள் மருத்துவர்.

விளக்கெண்ணெய் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிஸ்டர் கேட்டார்கள். அடைபட்ட குடலை இன்னும் வேகமாகத் தள்ள வைத்திருக்குமாம். உப்புத் தண்ணீர் அதைவிடக் கேடாம்; உப்பு இரத்தத்தில் ஏறி, மூளையைத் தாக்கி, அதுவே உயிரைக் குடிக்கக் கூடுமாம். வாந்தியை நிறுத்தும் ஊசியும் அடைப்பை எடுக்காது. வாந்தி நின்றுவிட்டது என்று நாம் நிம்மதியாக இருப்போம், உள்ளே குடல் கெட்டுக்கொண்டிருக்கும். எங்கள் மௌனம் அந்த ஊசி வரைக்கும் போயிருந்தது.

"சனிக்கிழமை இரவே சொல்லியிருந்தால்?" என்று கேட்டுவிட்டோம். கேட்காமல் இருந்திருக்கலாம். விழுங்கிய பொருள் இரைப்பையில் இருக்கும் வரை, வயிற்றைக் கிழிக்காமல், வாய் வழியே விளக்கும் இடுக்கியும் உள்ள குழாயை விட்டு அதை எடுத்துவிட வாய்ப்பு உண்டாம். சில பொருள்களை, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால், மருந்து கொடுத்தே கக்க வைத்துவிடலாமாம். குடலுக்குள் இறங்கிவிட்டால் கத்திதான்.

மருந்தகத்தில் எக்ஸ்ரே கருவி இல்லை. மணிக்கு நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, அறுவைக்கு முன் சோறும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, எங்களைத் திருநெல்வேலியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அந்தக் கல்லூரி 2012 இல் தொடங்கியது. நாங்கள் பிறந்து மூன்று ஆண்டுகள்தான் அதற்கு வித்தியாசம் என்று வண்டியில் போகும்போது கணக்கிட்டோம். ஏதாவது ஒன்றைக் கணக்கிட்டுக்கொண்டு இருந்தால் அழாமல் இருக்க முடிந்தது.

எக்ஸ்ரே படத்தில் ரிப்பனைத் தேடினோம். காணவில்லை. இரும்பும் கல்லும் எலும்பும்தான் அதில் நன்றாகத் தெரியுமாம். துணி, நூல், மெல்லிய பிளாஸ்டிக் ஆகியவை தெரிவதில்லை. ஆனால் குடல் ஓரிடத்தில் கொசுவிக் கிடந்ததும், மடிப்புகளுக்கிடையே காற்று சிக்கியிருந்ததும் தெரிந்தன. அந்தக் காற்றுக் குமிழிகள் சிறு சிறு காற்புள்ளிகளைப் போல இருந்தன. தமிழ்க் கட்டுரையில் காற்புள்ளி இடாததற்காக நாங்கள் மதிப்பெண் இழந்தது உண்டு. இத்தனை காற்புள்ளிகளை ஒரே இடத்தில் அன்றுதான் கண்டோம்.

அறுவை நடந்துகொண்டிருந்தபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு அடுத்ததாக ஒருவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சிஸ்டர் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள். "எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள், சிஸ்டர்" என்றோம். நெடுநேரம் பதில் இல்லை. பிறகு, "நான் கண்டிப்பானவள் என்றுதானே சொல்லாமல் இருந்தீர்கள்?" என்று கேட்டார்கள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? ஆம் என்பதும் உண்மை, இல்லை என்பதும் உண்மை. வீட்டுக்குப் போக விடமாட்டார்களே என்று பயந்தோம். ஆனால் ஞாயிறு மாலைக்குப் பிறகு எங்களைத் தடுத்தது அந்தப் பயம் மட்டும் அல்ல. முதலில் சொல்லாததை இப்போது சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் அதைவிடப் பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு மணி நேரமும் அது வளர்ந்தது. இதையெல்லாம் அங்கே சொல்லத் தெரியவில்லை. "தெரியவில்லை, சிஸ்டர்" என்று மட்டும் சொன்னோம். இந்தப் பக்கத்தைச் சிஸ்டர் படிப்பார்கள். எங்கள் பதில் இதுதான்.

ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து அறுவை மருத்துவர் வெளியே வந்தார். ஒரு தட்டில் ரிப்பன் கிடந்தது. அது கருநீலமாகவும் இல்லை, வேறு எந்த நிறமாகவும் இல்லை. முடிச்சு இரைப்பையின் வாயிலில் மாட்டியிருந்ததாம். இரைப்பையில் ஒன்றும் குடலில் இரண்டுமாக மூன்று இடங்களில் வெட்டி, துண்டு துண்டாக நறுக்கி எடுத்தார்களாம். ஒரே இழுப்பில் இழுத்திருந்தால் குடல் கிழிந்திருக்கும். குடல் கறுத்துப் போயிருந்தால் அந்தப் பகுதியையே வெட்டி எறிந்து இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும். மணியின் குடல் சிவந்து வீங்கியிருந்தது, கறுக்கவில்லை. "இரண்டு மீட்டர் என்று நீங்கள் சொல்லி அனுப்பியது நல்லதாயிற்று. கிடைத்த துண்டுகளை அளந்து பார்த்தோம். இன்னும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. தேடி எடுத்தோம்" என்றார். அந்த இரண்டு நாட்களில் நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்பதால் இதை விடாமல் எழுதுகிறோம்.

ஆனால் அதோடு முடியவில்லை. குடலில் போட்ட தையல் விட்டுப்போனால் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையேதான் விடுமாம். வாந்தி, காய்ச்சல், வயிறு உப்பல், சோர்வு ஆகிய இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அழைத்து வரச் சொன்னார்கள். மணிக்கு விடுதியின் விறகறையில் இடம் கொடுக்கப்பட்டது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். தாத்தா ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி எடுத்து, ஓரத்தில் துணி சுற்றி, மணியின் தலையில் மாட்டினார். வாளிக்குள் முகமும் நிமிர்ந்த ஒற்றைக் காதுமாக அது எங்களைப் பார்த்த பார்வையில் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் பயமாக இருந்தது. ஒரு முறை தவறாகச் சிரித்திருக்கிறோமே!

குழைந்த சோற்றைக் கோழிச்சாற்றில் கரைத்து, ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று நாளைக்கு ஆறு வேளை கொடுத்தோம். முறை வைத்துக்கொண்டு ஐவரும் காவல் இருந்தோம்; இரவுப் படிப்பை விறகறை வாசலில் நடத்திக்கொள்ளச் சிஸ்டர் அனுமதித்தார்கள். நான்காம் நாள் இரவு மணி நடுங்கியது. ஓடிப் போய்ச் சிஸ்டரை எழுப்பினோம். இம்முறை கால் நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. மருத்துவர் அம்மா தொலைபேசியிலேயே வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். 101.5 டிகிரி இருந்தது. "நாய்க்கு அது சாதாரணச் சூடு. மழை பெய்கிறதே, சாக்கைப் போர்த்துங்கள்" என்றார்கள். நமக்குக் காய்ச்சலாக இருக்கும் சூடு நாய்க்குக் காய்ச்சல் இல்லை என்பதை அன்று நள்ளிரவில் கற்றோம்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரிக்க மருத்துவர் அம்மாவே விடுதிக்கு வந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் சூழ்ந்துகொண்டோம். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டோம். அவர்கள் சொன்னவற்றுள் நினைவில் நின்றவற்றை எழுதுகிறோம். கணிப்பானிலும் பொம்மையிலும் இருக்கிற வட்டமான சிறு பட்டன் பேட்டரியை நாய் விழுங்கினால் ரிப்பனைப் போல நாள் கணக்கில் பொறுக்காது. தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சதையைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். பேட்டரி, ஊசி, பிளேடு போன்றவற்றை விழுங்கிய நாயைக் கக்க வைக்கவே கூடாது. போகும்போது செய்த காயத்தைத் திரும்பி வரும்போதும் செய்யும். காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளுக்குள் இருந்துகொண்டே ஒன்றையொன்று இழுத்து நடுவில் உள்ள சதையை நசுக்கி ஓட்டையாக்கும். மாங்கொட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், குடலில் வந்து நிற்கும். மக்காச்சோளக் கட்டையும் அப்படியே. சின்னப் பொருளாக, வழவழப்பாக இருந்தால் தானே வெளியே வருவதும் உண்டு (எங்கள் தோழி வீட்டு ரப்பர் பொய் அல்ல). ஆனால் எது வரும், எது வராது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். அதே பொருள் இன்னொன்று வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போகச் சொன்னார்கள்.

"டாக்டர், பட்டன் பேட்டரியை நாங்கள் விழுங்கினால்?" என்று ஆறாம் வகுப்புச் சிறுமி கேட்டாள். அன்று மணியின் பக்கத்தில் முழந்தாளிட்டவள்தான். மருத்துவர் சிரிக்கவில்லை. "அதே அவசரம்தான். ஆனால் என்னிடம் வராதே, பெரிய மருத்துவமனைக்குப் போ" என்றார்கள்.

போகும் முன் விடுதி முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். காலுறைகள் காயும் கொடி தாழ்வாக இருக்கிறது என்றார்கள். குளியலறைகளின் குப்பைத் தொட்டிகளுக்கு அழுத்தமான மூடி வேண்டும் என்று சிஸ்டரிடம் தனியாகச் சொன்னார்கள். பெண்கள் விடுதிகளில் நாய்கள் அதிலிருந்து எடுத்து விழுங்குவது உண்டாம். மறுவாரமே மூடிகள் வந்துவிட்டன. தையல் அறையில் ஊசிகளை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கும் வழக்கம் முன்பே உண்டு. இப்போது ரிப்பன்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன. இதற்காக மற்ற வகுப்புப் பிள்ளைகள் எங்களை வாழ்த்துவதில்லை. தாத்தாவுக்கும் ஒரு செய்தி கிடைத்தது. அவருடைய பசுவுக்கு நோய் வந்தால் 1962 என்ற எண்ணுக்கு இலவசமாகத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று மருத்துவர் சொல்ல, அதைத் தம் அறைச் சுவரில் கரியால் எழுதி வைத்துக்கொண்டார்.

மாதக் கடைசி விடுமுறைக்கு நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. சிஸ்டர் தடுக்கவில்லை, நாங்களே போகவில்லை, தையல் பிரிக்கிற வேளை அது. ஏன் வரவில்லை என்று கேட்ட பெற்றோரிடம் தேர்வுக்குப் படிக்கிறோம் என்று சொன்னோம். அதுவும் பொய்தான். அம்மா, அப்பா, காரணம் இதுதான்.

மணி இப்போது நன்றாக இருக்கிறது. வயிற்றில் முடி முளைக்காத ஒரு நீளக் கோடு மட்டும் தெரிகிறது. மல்லாந்து படுக்கும்போது பார்க்கலாம். சாப்பாட்டு மணி அடித்தால் முன்போலவே முதல் ஆளாக ஓடி வருகிறது. இரவு எட்டரை மணிக்கு மாடிப்படிச் சன்னலின் கீழேயும் வந்து நிற்கிறது. மேலே பார்த்து வாலை ஆட்டுகிறது. சன்னலை நாங்கள் திறப்பதில்லை. சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, எங்களுள் ஒருத்தி கீழே இறங்கிப் போய் அதன் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்.